அம்புக்குறி போட்ட டயர்

என் நாத்தனாரை ஆஸ்பத்திரியில் எல்லாரும் 'சைரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தேழு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அந்தப் பெயர் வண்டியால் வந்ததா, குரலால் வந்ததா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். வாசலில் நின்று "வீட்டுல யாரு?" என்று அவர் கேட்டால் எதிர்வீட்டுக்காரர்களும் சேர்ந்து பதில் சொல்வார்கள்.

இருபத்தேழு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. இதை அவரே சொல்வார். கேட்காமலே சொல்வார். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் மட்டும் நாலு தடவை சொன்னார். கொட்டும் மழையில், வழிவிடாத லாரிக்குப் பின்னால், பிரசவ வலியில் கத்தும் பெண்ணை வைத்துக்கொண்டு போன கதைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது வாயைக் கொடுத்தால், "எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்த்துட்டுத் திரும்பிப் பாத்தேன், ரிட்டயர்மென்ட் வந்து நிக்குது" என்பார்.

ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு கார் வாங்கினார். அந்த வயதில் மனிதர்கள் முழங்காலுக்கு இதமாக, உயரமாக ஏதாவது வாங்குவார்கள். இவர் வாங்கியது தரையோடு ஒட்டிக் கிடக்கும் இரண்டு கதவு வண்டி. கடுகு மஞ்சள் நிறம். ஸ்டார்ட் செய்தால் தொண்டையைக் கனைக்கும். பின்சீட் என்று பெயருக்கு ஒன்று இருந்தது. "இத்தன நாள் அடுத்தவங்களுக்காக வேகமாப் போனேன். இனிமே எனக்காகப் போறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பாதையில் ஏறி இறங்கிவிட்டு வந்தால் அந்த வாரம் முழுக்க முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். அந்த வண்டியைப் பிடுங்கிவிட்டால் இந்த மனுஷியிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று நான் அப்போதே நினைத்ததுண்டு. கொஞ்சம் கெட்ட எண்ணத்தோடுதான் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாத்தனார் அல்லவா.

அவருடைய தம்பிதான் என் வீட்டுக்காரர். டயர் கடை வைத்திருக்கிறார். டயரைப் பார்த்தே ஓட்டுகிற ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவார். ஓரம் தேய்ந்திருந்தால் வளைவில் வேகம் குறைக்காதவன், நடுவில் தேய்ந்திருந்தால் காற்றை அளவுக்கு மேல் அடைப்பவன், திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் பொறுமை இல்லாதவன். டயரை இவ்வளவு தெரிந்த மனிதருக்குக் கார் ஓட்ட மட்டும் வராது. கடைக்குள் ஏற்றி இறக்குவார், அவ்வளவுதான். ரோட்டில் எடுத்தால் சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு முந்திப் போவார்கள். அக்கா ஒருகாலத்தில் ஆம்புலன்ஸ் ஷெட்டில் வைத்து அவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாராம். "இவன் கையில குடுத்தா நோயாளி போற வழியிலயே குணமாயிடுவான்" என்று கையைக் கழுவிவிட்டார்.

கடையில் என் வேலை அட்டை எழுதுவது. ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை. அதில் நாலு வட்டம், நாலு சக்கரம். எந்த டயர் எந்த மூலையில் இருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கண்ணில் பட்டது என்ன என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். டயர்களுக்கு உள்பக்கம் மஞ்சள் சாக்கட்டியால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிடுவார். எல்லாருக்கும் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம் டயர்களை இடம் மாற்றிப் போடுவார், முன்னால் இருப்பது பின்னால், இடது வலதாக, குறுக்காக. அப்போதுதான் நாலும் ஒரே சீராகத் தேயும். அக்கா வண்டிக்கு மட்டும் நாலாயிரத்துக்கு ஒருதரம். இவரே போன் செய்து வரவழைப்பார். "ஏண்டா, கழட்டிக் கழட்டியே நட்டு தேஞ்சு போயிடும்டா" என்று திட்டிக்கொண்டே அக்கா வருவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பார்க்க இவருக்கு மூன்று மாதம் ஆகும்.

வண்டியோடு வந்த டயர்கள் தேய்ந்து, புதிதாகப் போட வேண்டிய நாள் வந்தது. அக்கா காலையிலேயே வந்துவிட்டார். இவர் மூன்று விதமான டயர்களை எடுத்து வரிசையாகச் சாய்த்து வைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள்.

"இது நல்ல கெட்டி ரப்பர்க்கா. எழுபதாயிரம் ஓடும்."

"ஓடுமான்னு நான் கேக்கலடா. நிக்குமான்னு கேக்குறேன்."

"எல்லா டயரும் நிக்கும்."

"எல்லா டயரும் நிக்கும். எங்க நிக்கும்? குறுக்க ஓடி வர்ற குழந்தைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இவர் அந்த டயரை ஓரமாகத் தள்ளி வைத்தார். அக்கா இரண்டாவதை உருட்டிப் பார்த்து, பக்கச்சுவரில் இருந்த நாலு இலக்கத்தைப் படித்தார். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம், டயர் பிறந்த தேதி. "இது செஞ்சு ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. அக்காகிட்டயே பழசத் தள்ளப் பாக்குற" என்றார். இவர் அசடு வழிந்தார். மூன்றாவதில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் பதிந்தது. ரப்பர் அவ்வளவு மென்மை. அதன் பள்ளங்கள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இறகு விரித்த மாதிரி சரிந்து போயின.

"இது தண்ணிய நல்லா ஒதுக்கும்" என்றார் இவர், மனசில்லாமல். "ஆனா இருபத்தஞ்சாயிரம் தாண்டாது. சீக்கிரம் தேஞ்சிடும்."

"தேயட்டும். தேயுறதாலதான் பிடிக்குது. இதுல ஒரு சைஸ் அகலமா இருக்கா?"

"அகலம் வேண்டாம்க்கா. ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா உள்ள உரசும். தேங்கின தண்ணில போனா மிதக்கும்."

மிதக்கும் என்றதும் அக்கா மறுபேச்சு பேசவில்லை. மழைக்கு மட்டும் அவர் பயப்படுவார். தன் உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினார். "பாத்துக்கோம்மா. ஒரு டயர் ரோட்டத் தொடுற இடம் இவ்வளவுதான். நாலு உள்ளங்கை. இத நம்பித்தான் அவ்வளவு பெரிய வண்டி, அதுக்குள்ள இருக்கற உசுரு எல்லாம்." வண்டியைப் பற்றி அவர் சொன்னதில் நான் தலையாட்டாமல் உண்மையாகவே கேட்டது அது ஒன்றுதான்.

மாட்டுவதற்கு முன்னால் இவர் டயரின் பக்கச்சுவரைக் காட்டினார். அதில் ஓர் அம்புக்குறி இருந்தது. சுற்றும் திசை. "இது ஒரே திசையிலதான் சுத்தணும்க்கா. முன்னாடி இருக்கறத பின்னாடி போடலாம், பின்னாடி இருக்கறத முன்னாடி போடலாம். ஆனா இடது இடதுதான், வலது வலதுதான். குறுக்க மாத்த முடியாது."

"அப்ப உனக்குப் பாதி வேல போச்சு. கொஞ்ச நாள் சும்மா உக்காரு."

இவருக்கு அதில் சந்தோஷமே இல்லை. அக்கா போன பிறகும், "குறுக்க மாத்தலன்னா எப்படி" என்று இரண்டு தடவை முணுமுணுத்தார். நான் அட்டையில் நாலு வட்டங்களுக்குப் பக்கத்திலும் ஓர் அம்பு போட்டு வைத்தேன்.

இந்த இடத்தில் எனக்கும் நாத்தனாருக்கும் இருந்த மனத்தாங்கலைச் சொல்லியாக வேண்டும். டயர் மாற்றுவதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், காய்கறிச் சந்தையில், எதிரே வந்த அவரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். ஓரடி தூரம்தான். முகத்தை நேராக வைத்துக்கொண்டு போய்விட்டார். கை தூக்கியபடி நின்ற என்னைப் பார்த்து வெங்காயக்காரர் சிரித்தார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தபோது அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த டீயைத் தொடவே இல்லை. ஆறி, ஆடை கட்டி, அப்படியே இருந்தது. ஒருநாள் நான் பக்கத்தில் போய் நின்றதற்கு, "பூனை மாதிரி வந்து நிக்காத" என்று எரிந்து விழுந்தார். நான் மூன்றையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். அவர் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். இரண்டு வருஷம் அப்படி ஓடியது.

புது டயர் போட்டு ஆறு மாதம் கழித்து, முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்ற வண்டி வந்தது. அக்கா காலையில் விட்டுவிட்டு, பழைய சிநேகிதியைப் பார்க்கப் போய்விட்டார், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி. இவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி நாலு சக்கரத்தையும் கழற்றி, உள்பக்கமும் பார்க்க டயர்களை ரிம்மிலிருந்து பிரித்துச் சுவரோரம் வைத்தார்.

"இங்க கொஞ்சம் வாயேன்" என்றார்.

இடது பக்கத்து டயர்கள் இரண்டின் வெளிச்சுவரும் சிராய்த்துக் கிடந்தன. ஒருதரம் உரசினது இல்லை. உரசின இடத்திலேயே மறுபடி மறுபடி உரசி, கம்பெனிப் பெயரில் பாதி எழுத்தைக் காணோம். நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியிருக்கிறது. ரிம்மின் ஓரம்கூடக் கடித்த மாதிரி இருந்தது. வலது பக்கத்து இரண்டும் நேற்றுப் பிரித்த மாதிரி பளிச்சென்று இருந்தன.

அவர் முதலில் அந்த ரிம்களில் கடையில் இருந்த வேறு டயர்களைப் போட்டு மாட்டி, கோணல் பார்க்கும் மெஷினில் வண்டியை ஏற்றினார். சக்கரங்கள் நேராக இருந்தன. இறக்கி, மறுபடி ஏற்றினார். நேராகத்தான் இருந்தன. மூன்றாவது தடவை ஏற்றப் போனபோது, "மெஷின் உங்களுக்காகப் பொய் சொல்லுமா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம்.

"அக்கா பழைய அட்டை எல்லாம் எடு" என்றார்.

எடுத்துத் தரையில் பரப்பினேன். பதினோரு அட்டை. என் கையெழுத்துதான். முதல் ஏழில் ஒன்றுமில்லை. எட்டாவதில் ஒன்றாம் எண் டயரில் லேசான உரசல். அடுத்த அட்டையில் மூன்றாம் எண்ணில் உரசல். அடுத்ததில் நாலு. பிறகு இரண்டு. எல்லா டயரிலும் கொஞ்சம் கொஞ்சம். அப்போதெல்லாம், வயதாகிறது, வண்டியை நிறுத்தும்போது கவனக்குறைவு என்று நாங்கள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது நான் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு டயரும் அந்த உரசல் வாங்கியபோது எந்த மூலையில் இருந்தது என்று பின்னோக்கிக் கோடு போட்டுப் பார்த்தேன். இடது. இடது. இடது. நாலு அட்டையிலும் இடது பக்கத்தில் இருந்தபோது மட்டும்தான் அடி வாங்கியிருந்தது. இவர் நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம் அதைக் கழற்றி வலது பக்கம் கொண்டுபோய் வைத்து, நாலு டயருக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"அக்காவுக்கு இடது பக்கம் தெரியல" என்றார்.

அங்கே கிடந்த ஒரு லாரி டயர் மேல் உட்கார்ந்தார். "ரெண்டு வருஷமாத் தெரியல. நான்தான் மறைச்சிட்டேன். மத்தவங்களுக்குப் பண்ற மாதிரி எட்டாயிரத்துக்கு ஒருதரம் மாத்தியிருந்தாக்கூட ஒரே பக்கத்துல சேர்ந்து நின்னிருக்கும். கண்ணுல பட்டிருக்கும். அக்கா வண்டின்னு ஓடி ஓடி மாத்தினேன் பாரு."

எனக்கு வேறொன்று ஓடியது. சந்தையில் நான் நின்றது அவருடைய இடது பக்கம். டீ வைத்தது இடது பக்கம். பூனை மாதிரி போய் நின்றதும் அந்தப் பக்கம்தான். இரண்டு வருஷமாக நான் ஒரு கண்ணோடு கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

"நீ சொல்லேன் அக்காகிட்ட" என்றார் இவர்.

"நல்லா இருக்கே. நான் சொன்னா, வண்டியப் பிடுங்க வந்துட்டான்னுதான் நினைப்பாங்க. நீங்கதான் சொல்லணும்."

சாயங்காலம்வரை இவர் சாப்பிடவில்லை. இன்னொரு வண்டிக்கு வால்வு மாற்றப் போய், நல்ல வால்வையே பிடுங்கிப் போட்டார்.

ஐந்து மணிக்கு அக்கா வந்தார். "முடிஞ்சுதா? என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றார். இவர் சுவரோரம் இருந்த நாலு டயர்களையும் தரையில் படுக்க வைத்தார். இடது பக்கத்தில் இரண்டு, வலது பக்கத்தில் இரண்டு, வண்டியில் இருந்த மாதிரியே.

"ஒரு வண்டி வந்துச்சுக்கா. இதப் பாத்து ஒரு யோசனை சொல்லு."

வேறு யாருடையதோ மாதிரி அவர் அதைச் சொன்னார். அக்கா குனிந்தார். இந்த மாதிரி விஷயம் என்றால் அவருக்கு உற்சாகம். சிராய்ப்பை விரலால் தடவினார். வலது பக்கத்து டயரைத் தடவினார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பக்கம் மட்டும் இப்படி வராதே. அலைன்மென்ட் பாத்தியா?"

"பாத்தேன். நேரா இருக்கு."

"அப்ப வண்டில கோளாறு இல்ல. ஓட்டுற ஆளுக்கு இடது கண்ணு சரியில்ல. ஆஸ்பத்திரியில எங்க டிரைவர் ஒருத்தருக்கு இப்படித்தான் வந்துச்சு. அவருக்கே தெரியாது." நிமிர்ந்தார். "யாரா இருந்தாலும் கண் டாக்டர்கிட்ட போகச் சொல்லு. அதுவரைக்கும் சாவியக் கையில குடுக்காத. சண்டை போட்டாலும் குடுக்காத."

"சரிக்கா."

"என் வண்டிய எங்க? நேரமாச்சு, சாவி குடு." கையை நீட்டினார்.

இவர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார். வெளியே எடுக்கவில்லை. அக்காவின் கை நீட்டியபடி நின்றது. இவர் தரையைப் பார்த்தார். அக்கா இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கீழே கிடந்த டயரைப் பார்த்தார். அதில் அம்புக்குறி இருந்தது. தான் நகம் அழுத்திப் பார்த்து வாங்கின டயர் அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று எனக்குத் தெரியாது.

"நான் யாரையாவது இடிச்சிருக்கேனாடா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. வெறும் நடைபாதை விளிம்புதான்."

"நல்லாப் பாத்தியா? முன்னாடி பம்பர், கதவு, எல்லாம்?"

"அங்குலம் அங்குலமாப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

அவர் கேட்டது அது ஒன்றுதான். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று அவரை நான்தான் வீட்டுக்கு நடத்திக் கூட்டிப் போனேன். தெருவில் அவருடைய இடது பக்கம் நடந்தேன். பாதி வழியில் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அங்கங்கே வெளிச்சம் மின்னும்போது பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்குப் பொத்தான் சத்தம் டக் டக்கென்று கேட்டது. இடது கண்ணுக்கு மாறினார்கள். ஒரு டக். வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு டக். பரிசோதனை முடிந்து முகத்தை எடுத்ததும் அக்கா டாக்டரைக் கேட்டார், "நடுவுல மெஷின் நின்னுபோச்சா? ரொம்ப நேரம் லைட்டே வரலையே?"

"லைட் வந்துட்டேதாம்மா இருந்துச்சு" என்றார் டாக்டர்.

கண்ணழுத்த நோய். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலி இல்லாமல், நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வேலையில் இருந்தவரை வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. ஓய்வு பெற்ற பிறகு யார் கூப்பிடப் போகிறார்கள்? இடது கண்ணில் போன பார்வை திரும்பாது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, தினமும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா" என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் அந்தப் பாதி வாக்கியத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பார். கடையில் யார் வந்தாலும் டயரைக் கழற்றுவதற்கு முன்னால் நாலு பக்கச்சுவரையும் டார்ச் அடித்துப் பார்த்து என்னை எழுத வைத்தார். "டயர் மாத்த வந்தா, கண்ணு நல்லாத் தெரியுதான்னு கேக்குறாரும்மா உங்க ஆளு" என்று ஒரு வாடிக்கைக்காரர் என்னிடம் புகார் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொட்டு மருந்து விடும் வேலை எனக்கு வந்தது. அக்கா தானே விட்டுக்கொண்டால் கன்னத்தில்தான் விழும். தினமும் சாயங்காலம் போவேன். தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, இமைக்காமல் உட்கார்ந்திருப்பார். வாயை எதற்குத் திறக்கிறார் என்று கேட்டால் கோபம் வரும். ஒருநாள் சந்தையில் கை தூக்கியதையும், வெங்காயக்காரர் சிரித்ததையும், ஆறிப்போன டீயையும் சொன்னேன்.

"அடிப்பாவி. இதுக்கா ரெண்டு வருஷமா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்த? நான் என்னமோ உனக்கு வயித்துக் கோளாறுன்னு நினைச்சேன்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுதேன். அக்கா தட்டுத் தடுமாறாமல் நேராக என் கண்ணைத் துடைத்தார். நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

மஞ்சள் வண்டி ஷெட்டில் உறை போட்டு நின்றது. மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கா நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று "வீட்டுல யாரு?" என்றார். பழைய சத்தம். எதிர்வீட்டில் கதவு திறந்தது.

"டேய். ஒரே எடத்துல நின்னா டயர் என்ன ஆகும்?"

இவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றார். "அடி தட்டையாயிடும்க்கா."

"அவ்வளவு பாத்துப் பாத்து வாங்கின டயரு. தட்டையாகட்டும்னு விட்டுட்டியா? வா, வந்து ஓட்டு."

"நான் எப்படிக்கா அந்த வண்டிய..."

"எனக்கு ஒரு கண்ணுதான் போச்சு. வாய் நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றேன், நீ ஓட்டு."

பின்சீட்டில் என்னைத் திணித்தார்கள். முழங்கால் தாடையில் இடித்தது. இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்தது. அக்கா இடது பக்கத்து முன்சீட்டில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவரை அந்த சீட்டில் நான் பார்த்ததே இல்லை. ஊரைத் தாண்டினோம். எங்களை ஒரு பால் வண்டி முந்தியது. பிறகு ஒரு டிராக்டர் முந்தியது.

"டிராக்டர்டா" என்றார் அக்கா.

"பாத்தேன்க்கா."

மலைப்பாதையில் முதல் வளைவில் இவர் கிட்டத்தட்ட நின்றே விட்டார். "பிரேக்க விடு. டயர் பிடிக்கும், நம்பு. நீ மாட்டினதுதானே?" என்றார் அக்கா. இரண்டாவது வளைவில் கொஞ்சம் நம்பினார். மூன்றாவதில் வண்டி கோடு போட்ட மாதிரி திரும்பியது. அக்கா "ம்" என்றார். அது அவர் வாயிலிருந்து வரும் பெரிய பாராட்டு.

அப்போதுதான் இவர் சொன்னார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் மாத்தி மாத்திப் போடாம இருந்திருந்தா, உன் கண்ணு இன்னைக்கு நல்லா இருந்திருக்கும்க்கா."

ஜன்னல் பக்கம் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் இவர் பக்கமாகத்தான் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"நாலாயிரத்துக்கு ஒருதரம் எனக்கு போன் பண்ணுவ பாரு. அன்னைக்கெல்லாம் வீட்டுல காலைலருந்து ரெடியாகி உக்காந்திருப்பேன். டயருக்காகன்னா நினைச்ச? நீ கூப்பிட்டியேன்னுதான் வந்தேன். அப்படிக் கூப்பிடறத மட்டும் நிறுத்திட்டியே, அதுதாண்டா எனக்குப் பொறுக்கல."

இவர் அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தார்.

"முன்னெல்லாம் நீ என்கூட வந்தா எனக்கு இடது பக்கம் உக்காருவ" என்றார் அக்கா. "கடைசி ரெண்டு வருஷம் உன் மூஞ்சிய நான் சரியாவே பாக்கலன்னு இப்பத்தான் புரியுது. இப்ப வலது பக்கம் வந்துட்ட. இந்தப் பக்கம் எனக்கு நல்லாத் தெரியும். நீ அழறது தெரியுது. காதுகிட்ட நரைச்சிருக்கறது தெரியுது. அழுதது போதும், ரோட்டப் பாத்து ஓட்டு."

இவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கியரை மாற்றி, அந்த வண்டியை முதல் தடவையாக நாற்பதுக்கு மேல் போக விட்டார். அக்கா எங்கள் இருவரிடமும் ஏதோ சொல்லத் தலையைத் திருப்பினார். நான் முழங்காலை மடக்கி, பின்சீட்டில் வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.